நாக்கில் வைத்துப் பார்த்த தூள்

"எஞ்சினைத் தொறக்கற வரிக்கும் நா இங்கதான் குந்திகினு இருப்பேன் பாய். போலீஸை வேணா கூப்டு."

சொன்னதோடு நிற்கவில்லை, பூவம்மா உட்கார்ந்தும் விட்டாள். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த கிரீஸ் டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்து, இறால் கூடையைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டோல்கேட்டிலிருந்து உள்ளே வளையும் சந்தில் இருக்கிறது அமீருதீனின் ஒர்க்ஷாப். காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது.

"கூடையை அந்தாண்ட வையேம்மா. நாறுது."

"எறா நாறாம மல்லிப்பூவா மணக்கும்? உன் கட மட்டும் இன்னா, அத்தர் கடையா?"

அமீருதீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நாள் இல்லை அது. ஒர்க்ஷாப் நடுவில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது ஒரு வெள்ளைக் கார். ஜப்பான் எஞ்சின், அதன்மேல் தனியாக வாங்கிப் பொருத்திய டர்போ. முன்தினம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் கடலோர ரோட்டில் பையன்கள் பந்தயம் விட்டிருக்கிறார்கள். இரண்டு ஓட்டம் ஜெயித்த கார், மூன்றாவதில் பாதி தூரத்தில் படார் என்று சத்தம் போட்டு, நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது.

காருக்குச் சொந்தக்காரன் வல்லரசு. அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் முப்பது கண்டெய்னர் டிரெய்லர் ஓடுகிறது. பந்தயத்தில் கார் ஓட்டியவன் வல்லரசுதான். ஆனால் சனிக்கிழமை அந்தக் காருக்குப் பெட்ரோல் போட்டு வந்தது அவர்கள் வீட்டு டிரைவர் நீலமேகம், பூவம்மாவின் புருஷன். நல்ல பெட்ரோலை உருவி விற்றுவிட்டு, அந்த இடத்துக்கு மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று நடுரோட்டிலேயே, அத்தனை பையன்கள் முன்னால், வல்லரசு சொல்லிவிட்டான். நீலமேகத்தின் சட்டைப்பையில் கைவிட்டு லைசென்ஸையும் எடுத்துக்கொண்டான்.

வல்லரசின் அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "அமீருதீன் பாய் தொறந்து பாக்கட்டும். பெட்ரோலுன்னு அவரு சொன்னா, நாளைக்கே ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுத்துடலாம்."

அதுவரைக்கும் நீலமேகம் டிரெய்லர்கள் நிறுத்தும் யார்டின் கேட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தான். திருட்டுக் கேஸ் விழுந்த டிரைவருக்கு மணலியிலிருந்து ராயபுரம் வரைக்கும் எவன் சாவி கொடுப்பான்?

"பாய், என் ஆளு இருவத்திரண்டு வருசமா வண்டி ஓட்டுது. ஒரு ஓட்டை பாட்டில்ல பெட்ரோலு மோந்து வந்தது கெடையாது. மூட்டப்பூச்சிக்கு ஊத்தக் கொஞ்சம் கொணாய்யான்னா, கடைல வாங்கிக்கோன்னு சொல்ற ஆளு."

"நா ஒண்ணும் சொல்லலையேம்மா."

"நீ சொல்லப்போறதுக்குத்தான குந்திகினு கீறேன்."

உள்ளேயிருந்து முபாஷிர் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அமீருதீனின் அக்கா மகன். டர்போவை வாங்கிப் பொருத்தியது அவன் கைதான். அது திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, பூஸ்ட்டை, ஏற்றி விட்டதும் அவன்தான். இரண்டு வருஷமாக மாமுவின் ஒர்க்ஷாப்பில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டு இந்த மாதிரி கார்களுக்குப் பேய் பிடிக்க வைப்பதுதான் அவன் தொழில்.

"மாமு, தொறக்கறதுக்கு இன்னா கீது? பெட்ரோலுதான். கலப்படம். டர்போ வண்டி கலப்படத்தைத் தாங்காது. சொல்லிட்டு வேலைய ஆரம்பிப்போம்."

"நீ பாத்தியா?"

"தெரியாதா மாமு?"

"தெரியும்னா தொறக்கறதுக்கு இன்னா பேஜாரு? ஒரு டம்ளர்ல டேங்க்லேர்ந்து எடுத்தா."

கண்ணாடி டம்ளரில் பெட்ரோல் வந்தது. அமீருதீன் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்தார். பின்பக்கத்து வெள்ளையில் சுண்டுவிரலால் ஒரு சொட்டு வைத்தார். மின்விசிறிக்கு நேரே பிடித்தார்.

"இன்னா பாய் பண்றே?" பூவம்மா டிரம்மைவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

"நல்ல பெட்ரோலுன்னா காஞ்ச தடமே இருக்காது. மண்ணெண்ண கலந்திருந்தா எண்ணெப் பலகாரம் வெச்சு எடுத்த காயிதம் மாதிரி கறை நிக்கும்."

மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈரம் சுருங்கிச் சுருங்கி, ஒரு காசு அளவாகி, மிளகு அளவாகி, போய்விட்டது. அமீருதீன் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார். அந்தப் பக்கத்து ராகுகாலம் வெள்ளையில் லேசாகத் தெரிந்தது. கறை இல்லை.

பூவம்மா தாளை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"அத்த எதுக்கு எடுத்துக்கற?"

"இருக்கட்டும்."

முபாஷிர் விடவில்லை. "டேங்க்ல இருக்கறது அப்பால ஊத்தினதா இருக்கும் மாமு."

"செத்த வண்டிக்கு எவன்டா பெட்ரோலு ஊத்துவான்? பொணத்து வாயில டீயா?"

முபாஷிர் ஸ்பேனரைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். அமீருதீன் அவனை ஒரு தரம் பார்த்தார். இந்தப் பிள்ளை எதற்கு இத்தனை அவசரப்படுகிறான்? அவர் மனசில் முதல் கசப்பு விழுந்தது அப்போதுதான். ஏதோ ஒரு நட்டை உள்ளே விட்டுவிட்டுப் பொருத்தியிருக்கிறான், அதை மறைக்க ஒரு டிரைவரைக் காவு கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தார்.

"டர்போன்னா இன்னா பாய்?" பூவம்மா கேட்டாள். "அத்தப் போட்டதுலேர்ந்து இவங்க வூட்ல எல்லாரும் டர்போ டர்போன்றாங்க."

"எஞ்சினு வுடற பொகையில ஒரு வெசிறி சுத்தும். அது சுத்தற வேகத்துல இந்தாண்ட இன்னொரு வெசிறி சுத்தும். அது வெளிக் காத்த இஸ்து எஞ்சினு வாயில திணிக்கும். காத்து அதிகம், பெட்ரோலு அதிகம், ஓட்டம் அதிகம்."

"துன்றவன் வாயில தடியால குத்தறா மாதிரி."

"அதேதான்."

"வயிறு வெடிக்காதா?"

"வெடிச்சிடிச்சே."

அவர் பானெட்டுக்குள் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"முபாஷிரு."

"மாமு."

"காத்துக் கொழா வாயில பில்டர் எங்கடா?"

முபாஷிர் தலையைச் சொறிந்தான். "வல்லரசு கழட்டச் சொன்னான் மாமு. பில்டர் இருந்தா விசில் சத்தம் வெளிய கேக்க மாட்டுதாம். டர்போ போட்டது ஊருக்குத் தெரிய வேணாமான்றான்."

"எண்ணூர் ரோட்டுக்கு. பில்டர் இல்லாம."

"ஒரு நாளைக்குத்தானே..."

"ஒரு நாளைக்கு மூக்கறுத்துக்கினு போடா."

கிளிப்பைக் கழற்றி ரப்பர் குழாயை உருவினார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். டர்போவின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் எலி கொறித்த தேங்காய்ச்சில் மாதிரி ஏதோ இருந்தது. டார்ச்சைப் பிடித்துப் பார்த்தார். ஒன்பது இறக்கையில் முழுசாக ஒன்றுகூட இல்லை.

"ஹெட்டை எறக்கு," என்றார்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்க மதியம் ஆகிவிட்டது. பூவம்மா அசையவில்லை. நடுவில் ஒரு தரம் எழுந்து போய், பக்கத்து டீக்கடையில் ஐஸ்கட்டி வாங்கி இறால்மேல் கொட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

நான்கு பிஸ்டனும் வெளிச்சத்துக்கு வந்தன. முதல் இரண்டின் தலையில் அம்மைத் தழும்பு மாதிரி லேசான குழிகள். நாலாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஓரம் உடைந்து, நடுவே சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை அமீருதீன் உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். முனை நசுங்கி, இடைவெளி மூடிக் கிடந்தது.

"பாத்தியா? பெட்ரோலு கெட்டுப் போயிருந்தா நாலையும் ஒரே மாதிரி துன்னிருக்கும். இது சுத்தியால அடிச்சா மாதிரி கீது. பெட்ரோலு சுத்தியாலடா?"

முபாஷிர் முகம் வெளுத்துவிட்டது. "நட்டா மாமு?"

"நீ சொல்லு."

"அல்லா சத்தியமா எல்லாத்தையும் முடுக்கினேன் மாமு."

"எண்ணு."

கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் தரையில் சாக்கின்மேல் வரிசையாக வைத்து எண்ணினார்கள். சரியாக இருந்தது. முபாஷிர் இரண்டாம் தடவையும் எண்ணினான். அப்போதும் சரியாகவே இருந்தது. சாக்கின்மேலேயே உட்கார்ந்து மூச்சு விட்டான்.

அமீருதீன் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய பழைய காந்தம் ஒன்று வைத்திருந்தார். அதை நூலில் கட்டி மூன்றாவது சிலிண்டருக்குள் இறக்கினார். டிக் என்று எதையோ பிடித்துக்கொண்டு வந்தது. கரியைத் துடைத்தார். ஒரு ஆணியின் தலை. தட்டையாகச் சப்பிப் போயிருந்தது.

"வண்டியில எங்கடா ஆணி அடிப்பாங்க?"

"ஆணியே கெடையாது மாமு, எந்த வண்டிலயும்."

பிறகு காற்றுக் குழாயை மேசைமேல் வைத்து நீளவாக்கில் கத்தியால் கீறித் திறந்தார். உள்பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. டர்போவைத் தாண்டிய வளைவில், சூட்டில் உருகிய சர்க்கரைப் பாகு மாதிரி, வெள்ளையாக ஒரு பொருக்கு.

"சாம்பலு," என்றான் முபாஷிர் சட்டென்று. "எண்ணூரு பவர் ஹவுஸ் சாம்பலு மாமு. பில்டர் இல்லாத்தால இஸ்துகிச்சு."

அமீருதீன் பொருக்கிலிருந்து நகத்தால் ஒரு துணுக்கைப் பெயர்த்து நாக்கில் வைத்தார்.

"அய்ய! கஸ்மாலம்!" பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா பாய் அத்தப் போய் வாயில வெக்கிறே!"

அவர் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தார். எண்ணெயின் கரிந்த நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அதற்கடியில் வேறு ஒன்று. இந்தக் கடற்கரையில் வெள்ளையாக ஒட்டுவது இரண்டுதான். கடல் உப்பு என்றால் கரிக்கும். சாம்பல் என்றால் ருசி இருக்காது, பல்லில் நறநறக்கும். இது கரிக்கவில்லை, நறநறக்கவும் இல்லை. கன்னத்தை உள்ளே இழுத்துப் பிடித்தது.

"சாம்பலு இல்ல."

"சாம்பலுதான் மாமு."

"எங்கைல குடு," என்றாள் பூவம்மா. எழுந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "காத்திவாக்கத்துல பொறந்தவகிட்ட சாம்பலப் பத்திப் பேசறியா நீ? சோத்துலயும் அதான், கொழந்த தொட்டில்லயும் அதான். காத்தடிச்சா எங்க கருவாடே சாம்பலு பூசிக்கினுதான் காயுது. அத்த எனுக்குத் தெரியாதா?"

நுனி நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. சந்துப் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"துவர்க்குது."

"ஆமா."

"படிகாரம் பாய் இது! கொடத்துத் தண்ணி கலங்கினா நாங்க சுத்தி வுடுவமே, அந்தப் படிகாரம்! வேற எதுவும் இல்ல."

அமீருதீன் தலையசைத்தார். அவர் சொல்லவிருந்ததும் அதுதான். பார்பர் கன்னத்தில் தேய்க்கிற கல். ஆனால் கார் எஞ்சினுக்குள் படிகாரத்துக்கு என்ன வேலை? அவர் காற்று போகும் பாதையை மறுபடி ஒருமுறை டார்ச்சோடு துழாவினார். திறந்து மூடும் தகட்டின் அச்சில் எதுவோ சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுத்தார். அரை விரல் நீளம், பாதி கருகிய கறுப்புக் கயிறு. அதில் ஒரு முடிச்சு.

கறுப்புக் கயிறு, படிகாரம், ஆணி.

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. டோல்கேட்டைத் தாண்டிப் போகும் எந்த டிரெய்லரின் முகத்திலும் அது தொங்குகிறது. கண் திருஷ்டிக்குக் கட்டுவது. வல்லரசின் அம்மா அமாவாசைக்கு அமாவாசை முப்பது வண்டிக்கும் தன் கையாலேயே கோத்துக் கட்டுவாள். படிகாரம் ஒன்று, காய்ந்த மிளகாய் ஏழு, நடுவில் ஒரு லாடத்து ஆணி. அந்த யார்டில் திருஷ்டிக் கல் இல்லாமல் ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது.

அமீருதீன் காரின் முன்பக்கத்துக்கு வந்து பார்த்தார். பளபளவென்று இருந்தது. எதுவும் தொங்கவில்லை.

"வெளிய கட்டறது எப்படிடா உள்ள போச்சு?"

முபாஷிர் தரையைப் பார்த்தான்.

"உன்னதான் கேக்கறேன்."

"மாமு... போன மாசம் முன்னாடிதான் தொங்கிகினு இருந்திச்சு. அந்தப் பந்தயத்துல அடையாறு பசங்க சிரிச்சிட்டானுங்க. 'லாரிக்குக் கட்றதக் காருக்குக் கட்டிகினு வந்துகிறான் பாரு'ன்னு. வல்லரசுக்கு அசிங்கமாப் போச்சு. கழட்டிப் போடவும் பயம், அவங்க அம்மா கட்டினது. அதான் சனிக்கெழம சாயங்காலம் அவனே கழட்டி பானெட்டுக்குள்ள, வெளிய தெரியாத எடமா..."

"எங்க?"

"காத்துக் கொழா கிளிப்புல."

"வாய்க்கு நேரா."

"ஆமா."

"நீ பாத்துகினு இருந்தே."

முபாஷிர் சாக்கிலிருந்த ஒரு நட்டை எடுத்து உருட்டினான்.

"பில்டர் இல்லாத வாயி. அதுக்கு எதுக்க நூல்ல ஒரு கல்லு ஆடுது. இஸ்துக்கும்னு உனுக்குத் தெரியும். தெரியுமா தெரியாதா?"

"சொன்னேன் மாமு. மெதுவாச் சொன்னேன். 'ஒரு நாளைக்குத்தான், ஒண்ணும் ஆவாது'ன்னான்."

"சரி. ஆச்சு. ஆன அப்பாலயாவது சொல்லலாமில்ல? காத்தாலேர்ந்து பெட்ரோலு பெட்ரோலுன்னியே. சாம்பலுன்னியே. இந்தப் பொம்பளைய எதுக்க குந்த வெச்சுகினு சொன்னியே!"

முபாஷிருக்குக் குரல் உடைந்தது. "அவன் ஓனரு மாமு. அவன்மேல சொல்ல முடியுமா? எம்மேல வந்தா எந்தொழிலு போச்சு. நீலமேகண்ணனுக்கு இன்னா, டிரைவரு. வேற வண்டி கெடைக்கும்."

பூவம்மா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அடிப்பாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெட்ட எறாவக் கூடையில வெச்சா நல்ல எறாவும் நாறும்னு எம் மாமியா சொல்லும். நீ நாற ஆரம்பிச்சிட்டே தம்பி. சின்ன வயசுலயே."

அமீருதீன் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். துவர்ப்பு போகவில்லை. சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். தன் அக்கா வயிற்றில் பிறந்தது இது, தன் கையால் தொழில் படித்தது இது என்று நினைக்க நினைக்க, அந்தக் கையை இன்னும் ஒரு தரம் கழுவ வேண்டும்போல இருந்தது.

மூன்று மணிக்கு வல்லரசு வந்தான். புது மோட்டார் சைக்கிள், புது மொபைல், அதைவிடப் புதுசாக ஒரு கறுப்புக் கண்ணாடி. பின்னால் நீலமேகம் உட்கார்ந்து வந்தான். இறங்கியதும் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பெண்டாட்டியைப் பார்த்ததும் கண்ணாலேயே, போயிடு, என்றான். அவள் போவாளா?

"இன்னா பாய், முடிஞ்சுதா? பெட்ரோலுதானே?"

"உக்காரு வல்லரசு."

"இந்தக் கலீஜுல எங்க உக்கார்றது? சொல்லுங்க. அப்பா கேட்டுனு இருக்காரு."

அமீருதீன் ஒரு தட்டில் ஆணித் தலையையும் கயிற்றுத் துண்டையும் வெள்ளைப் பொருக்கையும் வைத்திருந்தார். தட்டை அவன் முன்னால் நகர்த்தினார்.

வல்லரசு கண்ணாடியைக் கழற்றினான். பார்த்தான். மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"யாரெல்லாம் பாத்தீங்க?"

"கீற எல்லாரும்."

பிறகு அவன் குரல் மாறிவிட்டது. வியாபாரக் குரல், அப்பாவிடமிருந்து வந்தது.

"பாய், முப்பது டிரெய்லர் எஞ்சின் வேலையும் இனிமே உங்ககிட்டதான். நான் அப்பாகிட்ட பேசறேன். நீங்க ஒரு வார்த்த, பெட்ரோலுன்னு."

"பெட்ரோலு சுத்தமா கீதே."

"சரி, வேணாம். அப்ப பிட்டிங்." அவன் முபாஷிர் பக்கம் விரலை நீட்டினான். "இவன் பிட்டிங் சரியில்ல. ஸ்டேஷனுக்கு இவன் பேர எழுதிக் குடுக்கறேன். பெட்ரோலா, பிட்டிங்கா? டிரைவரா, உங்க அக்கா பையனா? நீங்களே சொல்லுங்க பாய். மூணாவதா ஒண்ணு கெடையாது."

"மாமு!" என்றான் முபாஷிர்.

நீலமேகம் அப்போதுதான் வாய் திறந்தான். "தம்பி, அந்தப் பையன வுட்ருங்க. நா வேணா பெட்ரோல் பங்க்குல தப்பு நடந்திருக்கும்னு..."

"யோவ், நீ வாய மூடு!" கத்தியது வல்லரசு இல்லை, பூவம்மா. "இல்லாத தப்ப ஏத்துக்க எங்கடா கெடைக்கும்னு அலையறியா நீ? உனுக்காகக் காத்தாலேர்ந்து சோறு தண்ணி இல்லாம குந்திகினு, கண்டதயும் நாக்குல வெச்சிகினு கீறேன்!"

அமீருதீன் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். ஒருவன் பொய்யை விற்கிறான். ஒருவன் அதை நம்பிப் பிழைக்கப் பார்க்கிறான். மூன்றாமவன் அதைத் தலையில் தூக்கிக்கொள்ள முண்டாசு கட்டுகிறான். வாயில் இன்னும் துவர்ப்பு.

அவர் மேசைமேல் இருந்த டெலிபோனை எடுத்தார். யார்டும் வீடும் ஒரே நம்பர். சுற்றினார்.

"யாருக்கு பாய்?" வல்லரசு நெருங்கினான்.

அந்தப் பக்கம் எடுத்தது அவன் அம்மா. குரல் பெரிசு. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்கும்.

"அம்மா, நா அமீருதீன் பேசறேன். வெள்ள வண்டிக்கு நீங்க கல்லு கட்டி வுட்டீங்களா?"

"கட்டாம இருப்பனா பாய்? போன அமாவாசைக்கு எங்கையால கட்னேன். கண்ணு பட்டுடிச்சு பாருங்க, அதான் வண்டி நின்னு போச்சு. இந்தத் தரம் பெரிய கல்லா வாங்கி வெச்சிக்கறேன்."

வல்லரசு ரிசீவர்மேல் கையை வைத்துப் பொத்தினான். "பாய், வேணாம். அம்மாகிட்ட மட்டும் வேணாம். ஒளிச்சு வெச்சேன்னு தெரிஞ்சா சோறு துன்ன மாட்டாங்க. அப்பா கார வித்துடுவாரு. லைசென்ஸ் தரேன். இப்பவே தரேன்." பையிலிருந்து எடுத்தும் விட்டான்.

"கைய எடு."

"பாய், சொல்றதக் கேளுங்க."

"கைய எடுன்னேன். உன் வேர்வ நாறுது."

அவன் எடுத்தான்.

"அலோ, அலோ? கேக்குதா பாய்? கேட்டனே, பழைய கல்லு கீதா, வுயுந்துடுச்சா?"

"கீதும்மா," என்றார் அமீருதீன். "எஞ்சினுக்குள்ள கீது."

"எஞ்சினுக்குள்ளயா? முன்னாடிதானே கட்டினேன். உள்ள யாரு கட்டினது?"

"உங்க புள்ள. அதாலதான் எஞ்சின் போச்சு. டிரைவர்மேல ஒரு தப்பும் இல்ல. பெரியவர்கிட்டயும் இதையே சொல்லுங்க, அமீருதீன் சொன்னான்னு. எம் மருமவனும் பாத்துகினு சும்மா இருந்தான், அதயும் சேத்துச் சொல்லுங்க."

ரிசீவரை வைத்தார். முபாஷிர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

வல்லரசின் மொபைல் உடனே அடிக்க ஆரம்பித்தது. அவன் எடுக்கவில்லை. லைசென்ஸ் இன்னும் கையில் இருந்தது. நீலமேகம் அதற்காகக் கையை நீட்டினான், இரண்டு கையையும், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. வல்லரசு அவனைப் பார்த்துக்கொண்டே அதை வேஸ்ட் ஆயில் தட்டில் போட்டான். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். அட்டை ஒரு நொடி மிதந்து, சாய்ந்து, உள்ளே போனது.

"எடுத்துக்கோ."

நீலமேகம் குனிந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். வல்லரசு வண்டியை உதைத்துக் கிளப்பினான். கிளம்பும்போது, ஒன்றுமே நடக்காத மாதிரி, தோளுக்குமேல் சொன்னான்:

"காலைல ஆறு மணிக்கு வந்துடு நீலமேகம். அம்மா புதுக் கல்லு குடுப்பாங்க. இந்தத் தரம் நீயே கட்டு."

"சரிங்க தம்பி," என்றான் நீலமேகம்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. சொன்னபிறகு அவனே திடுக்கிட்டான். முழங்கையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

பூவம்மா புருஷனைப் பார்க்கவில்லை. அவன் விரலிடுக்கிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள். மேசையில் காலையிலிருந்து இருந்த பெட்ரோல் டம்ளரை எடுத்து, அட்டைமேல் ஊற்றினாள். கறுப்பு வழிந்து இறங்க, லேமினேஷனுக்கு அடியில் ஒரு இளந்தாரி முகம் தெரிந்தது. மீசை முளைத்த காலத்து நீலமேகம்.

"நல்ல பெட்ரோலு," என்றாள். "எப்படிக் கழுவுது பாரு."

முந்தானையில் துடைத்தாள். அதே முந்தானையில் வைத்து ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு போட்டாள். இடுப்பில் செருகினாள்.

"ஏய், காலைல..." என்று ஆரம்பித்தான் நீலமேகம்.

"முடிச்ச அவுத்தாத்தானே காலைல?"

"வேலைக்குப் போவ வேணாமா?"

"போ. வேற எங்கனா போ. அன்னிக்கு அவுக்கறேன். அந்த வூட்டு வண்டின்னா இது எங்கூடவே சுடுகாட்டுக்கு வரும்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஐஸ் கரைந்து அவள் தோளில் ஒழுகியது. "ஒரு நாள் எறாவு பூரா நாசமாப் போச்சு. நட."

இருவரும் சந்தைத் தாண்டும்வரை அமீருதீன் பார்த்துக்கொண்டு நின்றார். முபாஷிர் டீ வாங்கி வந்து நீட்டினான். வாங்கி ஒரு வாய் குடித்தார். துவர்த்தது. மீதியை வேஸ்ட் ஆயில் தட்டில் ஊற்றினார்.

"எஞ்சின எப்ப கட்டறது மாமு?"

"இங்க கட்டறதில்ல. சாக்குல கீறத எல்லாம் அள்ளி டிக்கில போடு. தள்ளி ரோட்டுல வுடு."

"மூடியாவது வெக்கட்டுமா? எஞ்சினு வாயி தெறந்து கீது."

"தெறந்தே இருக்கட்டும்," என்றார் அமீருதீன். மறுபடியும் குழாயடிக்குப் போனார்.